டீ டைமில் கை வைக்காதீர்கள்: பனியன் கம்பெனி முதலாளிகளுக்குச் செக்கிங் மேசையிலிருந்து ஒரு மடல்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும், புரொடக்‌ஷன் மேனேஜர்களுக்கும், சூப்பர்வைசர் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

டீ டைம் பற்றித்தான் எழுதுகிறேன். இதுக்கெல்லாம் ஒரு கடிதமா என்று சிரிப்பீர்கள். ஆனால் ஷிப்மெண்ட் தேதி நெருங்கும்போது நீங்கள் முதலில் கை வைப்பது அதில்தான். நூல் விலை உங்கள் கையில் இல்லை. டையிங்கில் இருந்து துணி சொன்ன நாளில் வராது. சரக்கு வாங்கும் பையர் ஒரு நாள்கூடத் தள்ளித் தர மாட்டார். மிச்சம் இருப்பது பதினோரு மணி டீயும் நாலு மணி டீயும். ஆளுக்கு 20 நிமிடம், லைனில் 40 பேர், மொத்தம் 800 நிமிடம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்கு, தைத்த பீஸில் தப்பு பார்க்கும் செக்கிங் மேசைக்கு வரும்போது எப்படி உதைக்கிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் பிசிறு வெட்டும் ஹெல்பராக வந்து, செக்கிங்கில் நின்று, அப்புறம் தரம் பார்க்கும் க்யூசி ஆனவள். டைலர்களின் கஷ்டத்தைப் பேசச் சங்கம் இருக்கிறது. பீஸ் ரேட்டுக்குப் பேச்சுவார்த்தை நடக்கிறது, பேப்பரில் வருகிறது. செக்கிங் பெண்களைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். தைப்பவர் சம்பாதித்துக் கொடுக்கிறார், செக்கிங் வெறும் செலவு என்றுதான் பல கம்பெனிகளில் நினைப்பு.

ஒரு டி-ஷர்ட்டைச் செக் செய்வது எப்படி என்று எத்தனை முதலாளிகள் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. டியூப்லைட்டுக்குக் கீழே வெள்ளை மேசை. முன்பக்கம் விரித்துக் கையால் தடவி ஒரு பார்வை. கழுத்து ரிப்பை இழுத்துப் பார்க்க வேண்டும், தையல் தெறிக்கிறதா என்று. தோள் இரண்டும் சமமா, கை இரண்டும் ஒரே நீளமா, சைடு தையலில் துணி பிடிக்காமல் விட்டிருக்கிறதா, அடிமடிப்பில் பேட்லாக் தையல் விலகி ஓடியிருக்கிறதா. பின்பக்கம் திருப்பி அதே பார்வை. அப்புறம் உள்பக்கம் புரட்டி ஓவர்லாக் தையல். இதற்கு நடுவே ஊசி குத்திய ஓட்டை, ஆயில் கறை, ஷேட் மாற்றம், லேபிள் தலைகீழ். தப்பு தெரிந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போட வேண்டும். அடுத்த பீஸ். இது எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். நின்றுகொண்டே.

முதல் ஒரு மணி நேரம் கண் கத்தி மாதிரி இருக்கும். கருநீலத் துணியில் ஊசி முனை அளவு ஓட்டைகூடத் தப்பாது. இடைவேளை இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் தெரியுமா? கை அதே வேகத்தில் புரட்டிக்கொண்டே இருக்கும், கண் பார்ப்பதை நிறுத்திவிடும். பார்க்காமல் இருக்கிறோம் என்பது அந்தப் பெண்ணுக்கே தெரியாது. வேலை பழகிய கை தானாக ஓடும். "அக்கா, கண்ணுல பூச்சி பறக்குதுங்க" என்று யாராவது சொன்னால் அது நல்ல நேரம். சொல்லாதவர்தான் ஆபத்து.

இப்போது ஃப்ளோரில் தொங்கும் அந்த வெள்ளை போர்டுக்கு வருகிறேன். மணிக்கு எத்தனை பீஸ் பாஸ், எத்தனை டேமேஜ் என்று எழுதும் போர்டு. டீயை நிறுத்திய நாட்களில் சாயங்காலக் கட்டங்களைக் கவனித்துப் பாருங்கள். பாஸ் ஏறும், டேமேஜ் இறங்கும். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "பாருங்க, டீ இல்லாமலே எவ்வளவு நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போவார். டைலர் காலையில் தைத்ததைவிடச் சாயங்காலம் சுத்தமாகத் தைக்கிறாரா என்ன? அவரும் களைத்துத்தானே இருக்கிறார்? தப்பு குறையவில்லை ஐயா, தப்பைப் பார்க்கும் கண் குறைந்திருக்கிறது. களைத்த டைலரின் தப்பு, களைத்த செக்கரின் கண்ணைத் தாண்டி, பாலிபேக்குக்குள் போய், அட்டைப் பெட்டியில் ஏறிவிடுகிறது. போர்டில் அது உற்பத்தி உயர்வு என்று பதிவாகிறது!

இது நானாக அளக்கும் கதை அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படைக்கு இதே தலைவலி வந்தது. கடலில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் விமானங்களில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். நன்கு பயிற்சி பெற்றவர்கள், அக்கறை உள்ளவர்கள், தவறவிட்டால் கப்பலும் உயிர்களும் போகும் என்று தெரிந்தவர்கள். அவர்களும் திரையில் தெரிந்த புள்ளியைத் தவறவிட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க நார்மன் மேக்வொர்த் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை வைத்தார். கடிகாரம் போன்ற வட்டம், அதில் சிறு சிறு துள்ளலாக நகரும் ஒரு முள். எப்போதாவது ஒரு தரம் அது இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைப் பார்த்ததும் பொத்தானை அமுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு அவ்வளவுதான் வேலை. முதல் அரைமணி நேரம் தாண்டியதுமே தவறவிடுவது கூடியது. அரைமணி வேலை, அரைமணி ஓய்வு என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபோது அந்தச் சரிவு வரவில்லை. 1948இல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

அரைமணி நேரம்! நம் செக்கிங் மேசையில் காலை எட்டரைக்கு நின்றால், டீ இல்லாத நாளில், மதியச் சாப்பாடு வரை நாலு மணி நேரம் ஒரே நிற்பு. செக்கிங்கும் முள்ளைப் பார்த்த வேலை போன்றதுதான். நூறு பீஸில் தொண்ணூற்றுச் சொச்சம் நல்ல பீஸ். எப்போதாவது வரும் அந்தக் கெட்ட பீஸுக்காகக் காத்திருக்க வேண்டும். டைலர் தூங்கினால் மெஷின் நிற்கும், எல்லோருக்கும் தெரியும். செக்கரின் கண் தூங்கினால் எதுவும் நிற்காது.

இதன் விலையும் உங்களுக்குத் தெரியாததல்ல. 5,000 பீஸ் ஆர்டர் என்று வையுங்கள். எத்தனை தப்பு வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். 2.5 கணக்கில் பையரின் க்யூசி வந்து 200 பீஸ் எடுப்பார். மேஜர் தப்பு 10 வரை பாஸ். 11 வந்தால் மொத்த லாட்டும் ஃபெயில். அந்த 11ஆவது பீஸை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அநேகமாக அது யாரும் வேண்டுமென்று விட்ட பீஸாக இருக்காது. ஒரு சின்ன ஆயில் கறை, அக்குளில் ஒரு இஞ்ச் தையல் விட்டது, காலையில் பார்த்திருந்தால் யாரும் விட்டிருக்க மாட்டார்கள். ஃபெயில் ஆனதும் என்ன நடக்கும்? அத்தனை பெட்டியும் பிரிக்க வேண்டும். பாலிபேக் கிழித்து, மறுபடி செக்கிங், மறுபடி அயர்னிங், மறுபடி மடிப்பு, புது பாலிபேக். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட வேண்டும். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால், உங்கள் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். டீ டைமில் மிச்சம் பிடித்த 800 நிமிடம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வட்டியும் முதலுமாகப் போய்விடும்.

இத்தனைக்கும் நம் தொழிலுக்கு ரொம்பப் பக்கத்திலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1923இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு நூற்பாலை. மற்ற பிரிவுகளில் ஆட்கள் நிலைத்து நின்றார்கள், ஸ்பின்னிங்கின் ஒரு பிரிவில் மட்டும் யாரும் தங்கவில்லை. ஒரு வருடத்தில் வேலையை விட்டுப் போனவர் விகிதம் 250 சதவீதம். மெஷின் வரிசைகளுக்கு நடுவே நாள் முழுவதும் நடந்துகொண்டே அறுந்த நூலை இணைப்பதுதான் வேலை. எல்டன் மேயோ என்ற ஆய்வாளரைக் கூப்பிட்டார்கள். அவர் காலையில் இரண்டு தடவை, மதியத்துக்கு மேல் இரண்டு தடவை பத்துப் பத்து நிமிட ஓய்வு கொடுக்கச் சொன்னார். படுத்துக்கொள்ளலாம், தூங்கினாலும் சரி. உற்பத்தி ஏறியது, ஆட்கள் போவது நின்றது.

அப்புறம் நடந்ததுதான் நமக்குத் தேவை. அவசர ஆர்டர் வந்தது. சூப்பர்வைசர்களுக்கு முதலில் இருந்தே இந்த ஓய்வு பிடிக்கவில்லை. வேலையை முடித்து ஓய்வைச் சம்பாதித்துக்கொள் என்ற மாதிரி ஆக்கினார்கள், பிறகு நிறுத்தியே விட்டார்கள். சில நாளிலேயே உற்பத்தி விழுந்தது, பழைய அலுப்பு திரும்பி வந்தது. கடைசியில் கம்பெனித் தலைவரே இறங்கி வந்து, ஓய்வு நேரத்தில் அந்தப் பிரிவின் மெஷின்களையே நிறுத்தச் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் உட்பட எல்லோருக்கும் ஓய்வு. மெஷின் நின்ற நேரத்தையும் தாண்டி உற்பத்தி கூடியது. ஆட்களின் மனச்சோர்வுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மேயோ அதற்கு விளக்கம் சொன்னார். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நாளெல்லாம் நடந்தால் கால் வலிக்கும், அதற்கு மனசு எதற்கு? ஆனால் அவர் செய்து காட்டியது செய்து காட்டியதுதான்.

"டார்கெட் முடிச்சாத்தான் டீ" என்று நம் லைன்களில் சொல்வது நூறு வருடத்துக்கு முன்பு அங்கே தோற்றுப்போன அதே யோசனை. டார்கெட் முடியாதவர்தான் களைத்தவர். அவருக்குத்தான் டீ வேண்டும்.

பீஸ் ரேட் டைலர்கள் தாங்களே டீக்கு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பத்து நிமிடத்தில் எத்தனை பீஸ் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமைச் சம்பளம் கண் முன்னால் நிற்கும். அதனால்தான் மெயின் ஸ்விட்சை அணையுங்கள் என்கிறேன். பக்கத்து மெஷின் ஓடும் சத்தம் கேட்கிற வரை யாரும் நிம்மதியாக டீ குடிக்க மாட்டார்கள். எல்லாம் நின்றால் எல்லோரும் எழுந்திருப்பார்கள்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டீ கொடுத்தால் பீஸ் எண்ணிக்கை எகிறும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். பத்து நிமிடமோ அதற்குக் குறைவாகவோ எடுக்கும் சின்ன இடைவேளைகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ருமேனிய ஆய்வாளர்கள் சிலர் 2022இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சின்ன இடைவேளை களைப்பைக் குறைக்கிறது, தெம்பு கூட்டுகிறது என்பது தெளிவாக வந்தது. வேலையின் அளவும் தரமும் எல்லா வேலைக்கும் ஒரேயடியாக உயர்ந்தது என்று வரவில்லை. வேலையைப் பொறுத்து மாறியது, மூளையைக் கசக்கும் வேலைக்குப் பத்து நிமிடம் போதவில்லை. ஆகவே டீ டைம் கொடுத்தால் லாபம் கொட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. டீ டைமை வெட்டினால் தப்பு எங்கே போய் நிற்கும் என்பதுதான் என் பேச்சு.

சரி, டீயைக் கொடுத்துத்தானே இருக்கிறோம் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. எப்படி? கேன் லைனுக்கே வரும். ஒரு கையில் பேப்பர் கப், இன்னொரு கையில் பீஸ். அது டீ. டீ டைம் கிடையாது. கண்ணும் காலும் இடம் மாறினால்தான் அது ஓய்வு. திருப்பூரில் பேக்கரி வாசல்களில் பதினோரு மணிக்குக் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு, வெயிலில் நின்று, யார் வீட்டுச் சீர், யார் பிள்ளைக்கு என்ன மார்க் என்று பேசுகிறார்களே, அந்தப் பத்து நிமிடம் கண் தூரத்தைப் பார்க்கிறது, அதற்கு அது வேறு வேலை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் இருப்பதை 20 வினாடி பாருங்கள் என்று கண் டாக்டர்கள் கம்ப்யூட்டர்காரர்களுக்குச் சொல்கிறார்கள். துணியைப் பார்க்கும் கண்ணும் கண்தானே?

இங்கே எங்கள் ஆட்களையும் கொஞ்சம் கண்டிக்க வேண்டும். டீ டைம் விட்டதும் போனை எடுத்து ரீல்ஸ் பார்க்கிற பிள்ளைகளைச் சொல்கிறேன். ஒரு அடி தூரத்தில் துணியைப் பார்த்த கண்ணை அரை அடி தூரத்தில் போனுக்குக் கொடுத்தால் என்ன ஓய்வு அது? திரும்பி வரும்போது போனதைவிட மோசமாக வருகிறார்கள். சொன்னால் "போங்கக்கா" என்பார்கள்.

பாத்ரூம் டோக்கன் பற்றி முதலாளிகளிடம் எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் லைனுக்கு ஒரு டோக்கன். அது திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம். பெண்கள் அதற்குப் பயந்து காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். சித்திரை மாதத்தில், அயர்னிங் டேபிள் ஆவி பக்கத்தில், தண்ணீர் குடிக்காமல். மதியம் ஆனால் தலைவலி, மயக்கம். அவர்கள் கையில்தான் ஏற்றுமதிப் பீஸின் தரம் இருந்தது. மாடியில் ஏசி அறையில், பையரோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர்கள் நினைத்தபோது எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருவார்கள். அவர்கள் போவதைக் குறை சொல்லவில்லை, மெயில் பார்க்கிறவருக்கும் தலை காயும். கீழே இருக்கிறவர்களுக்கும் அதே தலைதான்.

சட்டம் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும் வரை அமலில் இருந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அது எழுதப்பட்டபோதே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரைமணி ஓய்வு வேண்டும் என்று 55ஆம் பிரிவில் வைத்தார்கள். அது மதியச் சாப்பாட்டு நேரத்தோடு தீர்ந்துவிட்டது. பத்து நிமிட டீ அதில் இல்லை. அது வழக்கமாக வந்தது, அதனால்தான் அதை வெட்டுவதும் சுலபம். அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு அநேகம் பேருக்குத் தெரியாது. நின்று வேலை செய்கிறவர்கள் வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்து தர வேண்டும் என்றது. 2021இல் நம் சட்டசபையில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தபோது ஜவுளிக்கடைப் பெண்களைப் பற்றி ஊரே பேசியது. அந்த ஜவுளியைச் செக் செய்து அனுப்பும் பெண்களுக்கு 1948இலேயே எழுதிய ஸ்டூல் இன்னும் பல மேசைகளுக்கு வரவில்லை.

பகல் ஷிப்டோடு அரை ஷிப்டும் சேர்த்து நிற்கும் ஒன்றரை ஷிப்டையும் சொல்லாமல் விட முடியாது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு வந்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். திருப்பூர்க்காரர்கள் அப்போது தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். சீசனில் இரவு எட்டரை, ஒன்பது வரை நிற்பது நமக்குப் புதிதா? ஒன்றரை ஷிப்டை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லும் அளவுக்கு நான் விவரம் கெட்டவள் இல்லை. அந்த அரை ஷிப்டுச் சம்பளத்தில்தான் பல வீடுகளில் வாடகை போகிறது. ஆனால் அந்தக் கடைசி மூன்று மணி நேரத்தில் எதைச் செய்யச் சொல்கிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. கறுப்பு, கருநீலம் செக்கிங்கைக் காலை வெளிச்சத்துக்கு முன்னால் இழுங்கள். ராத்திரிக்கு டேக் போடுவது, மடிப்பது, பெட்டி ஒட்டுவது இருக்கட்டும்.

பத்து நிமிட டீக்கும் நேரமே இல்லை என்கிற அவசர நாளிலும் ஒரு வழி உண்டு. செக்கிங்கில் நிற்கிறவரையும் பிசிறு வெட்டுகிறவரையும் அரைமணிக்கு ஒரு தரம் மாற்றிவிடுங்கள். பிசிறு வெட்டுவதில் கண்ணுக்கு அந்தத் தேடல் இல்லை. ஒரு ஆள்கூட அதிகம் வேண்டாம், ஒரு பைசா செலவில்லை. ஹெல்பருக்குச் செக்கிங் பழக ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான். செக்கிங் சம்பளம் ஹெல்பருக்குத் தர வேண்டி வருமே என்று யோசிப்பீர்கள். தாருங்கள். வேலை தெரிந்தவர் கூடினால் உங்களுக்குத்தான் நல்லது, நாளைக்கு ஒருவர் லீவு போட்டால் மேசை காலியாக நிற்காது.

என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. அடுத்து வரும் ஏதாவது ஒரு ரன்னிங் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள், அதே ஸ்டைல், அதே லைன். இரண்டு வாரம் இப்போது ஓட்டுவது போலவே ஓட்டுங்கள். அடுத்த இரண்டு வாரம் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் மெயின் ஸ்விட்சை அணைத்து, செக்கிங்கில் ஆள் மாற்றி, மேசைக்கு இரண்டு ஸ்டூல் போட்டு ஓட்டுங்கள். பாஸ் போர்டைப் பார்க்காதீர்கள். பாஸ் ஆன பீஸ்களில் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் எடுத்து, வேறு ஒரு க்யூசியை விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தப்பிப் போன பீஸ் எந்த நேரத்தில் அதிகம் என்று எழுதுங்கள். ரீ-செக்கிங்குக்கு எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் போனது என்பதையும் கணக்கில் சேருங்கள். இரண்டு கணக்கும் ஒன்றாக இருந்தால் டீ டைமை எடுத்துவிடுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். அந்தக் கணக்கைப் போடும் வேலையை எங்கள் மேசைக்கே கொடுங்கள். ரிஜிஸ்டர் நாங்களே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
செக்கிங் மேசையில் இருந்து ஒரு க்யூசி,
திருப்பூர்